பெட்டி நம் வீட்டில். சாவி யார் கையில்?

(சாலைக் கிளையின் காலாண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை. வர இயலாத வெளியூர் அங்கத்தினர்களுக்காக எழுத்து வடிவில்.)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு "கம்ப்யூட்டர் பாதுகாப்பு". அது ஒரு சமுத்திரம். அதிலிருந்து ஒரு சொம்புத் தண்ணீர் மட்டும் மொண்டு வந்திருக்கிறேன். நம் பாஸ்வேர்டுகளை, அதாவது கடவுச்சொற்களை, ஒரே பெட்டியில் போட்டு, அந்தப் பெட்டியையும் நம் வீட்டிலேயே வைத்துக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் யார் செய்யலாம், யார் செய்ய வேண்டாம்? வைத்தவருக்குப் பிறகு அதை யார் திறப்பது? இந்த மூன்று கேள்விகள்தான் இன்றைய விஷயம்.

நாம் கூடியிருக்கும் இந்தச் சாலைக் கடைவீதி, திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவாக்கியது என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். இங்கே தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்தும் எந்த முதலாளியும் கல்லாப்பெட்டிச் சாவியைக் கண்டவர் கையில் கொடுப்பதில்லை. அதே முதலாளி, தான் நாலு நாள் படுத்துவிட்டால் சாவி எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவரிடமாவது சொல்லியும் வைத்திருப்பார். இல்லாவிட்டால் ஐந்தாம் நாள் கடை திறக்காது. பாஸ்வேர்ட் விஷயத்திலும் இந்த இரண்டு ஜாக்கிரதையும் வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் இரண்டுமே இல்லை.

முதலில் இன்றைய நிலைமையைப் பார்ப்போம். வங்கி, தபால் அலுவலக சேமிப்பு, வருமான வரி, மின்சார வாரியம், பென்ஷன், மியூச்சுவல் ஃபண்ட், ரயில் டிக்கெட், ஈமெயில் என்று எண்ணினால் ஒரு சாதாரண குடும்பத்தில் ஐம்பது பாஸ்வேர்ட் எளிதாக வந்துவிடும். ஐம்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே இஷ்ட தெய்வத்தின் பெயர், அதன் பின்னால் பிறந்த வருஷம். அல்லது பேரன் பெயர், பின்னால் 123. எல்லா இடத்துக்கும் இதே ஒன்று. இதில் உள்ள ஆபத்து, ஏதோ ஒரு சின்ன ஷாப்பிங் கம்பெனியின் ஜாபிதா திருடுபோனால் போதும். திருடன் அந்த ஈமெயில், பாஸ்வேர்ட் ஜோடியை மற்ற எல்லாத் தளங்களிலும் இயந்திரத்தை வைத்துப் போட்டுப் பார்ப்பான். ஒரு சாவி ஐம்பது பூட்டையும் திறந்துவிடும்.

"டைரியில் எழுதி பீரோவில் வைத்தால் போதாதா?" என்று மாமிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் திருடனால் உங்கள் பீரோவைத் திறக்க முடியாது. அந்த வகையில் டைரி நல்ல முறைதான்; எழுபது வயதுக்கு மேல் தனியாக இருப்பவர்களுக்கு இன்றும் நான் அதைத் தடுப்பதில்லை. ஆனால் டைரி ஒரே பிரதி. அடித்துத் திருத்தி, எது இப்போதையது என்று எழுதியவருக்கே தெரியாமல் போகும். பெங்களூரில் இருக்கும் பெண்ணுக்கு அவசரத்துக்கு உதவாது.

இந்தக் குறைகளைத் தீர்க்க வந்ததுதான் பாஸ்வேர்ட் மேனேஜர். எல்லாப் பாஸ்வேர்டுகளையும் ஒரு மின்பெட்டியில் போட்டு, மாஸ்டர் பாஸ்வேர்ட் என்ற ஒரே சாவியால் பூட்டுகிறோம். 1997-ல் புரூஸ் ஷ்னையர் என்ற நிபுணர் பாஸ்வேர்ட் சேஃப் என்ற ஒன்றை வெளியிட்டார். 2003-ல் கீபாஸ் வந்தது. 2016-ல் பிட்வார்டன் வந்தது. இதன் சூட்சுமம், பூட்டும் வேலை உங்கள் போனிலோ கம்ப்யூட்டரிலோதான் நடக்கிறது என்பது. மாஸ்டர் பாஸ்வேர்ட் உங்கள் கையை விட்டு சர்வருக்குப் போவதே இல்லை. அதிலிருந்து சாவி செய்யும் கணக்கைப் பிட்வார்டன் இப்போது வழக்கமாக 6 லட்சம் முறை திரும்பத் திரும்பப் போடுகிறது. உங்களுக்கு அது ஒரு கண நேரம். கோடிக்கணக்கான சொற்களை ஊகித்துப் பார்க்க நினைக்கும் திருடனுக்கோ ஒவ்வோர் ஊகத்துக்கும் அந்த 6 லட்சமும் கூலி. சர்வரில் கிடப்பது பூட்டிய பெட்டி மட்டுமே.

அந்தப் பெட்டியைக் கம்பெனியிடம் வைக்கலாமா, வீட்டில் வைக்கலாமா? இதற்கு 2022-ல் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும். லாஸ்ட்பாஸ் என்ற பெரிய அமெரிக்கக் கம்பெனியின் கிளவுட் சேமிப்பிலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டிகளின் பிரதிகளைத் திருடர்கள் எடுத்துச் சென்றுவிட்டார்கள். 2022 டிசம்பர் 22 அன்று கம்பெனியே இதை அறிவித்தது. பாஸ்வேர்டுகள் பூட்டியேதான் இருந்தன. ஆனால் எந்தெந்தத் தளங்களில் கணக்கு இருக்கிறது என்ற முகவரிகள் பூட்டப்படாமல் இருந்தன. பலவீனமான மாஸ்டர் பாஸ்வேர்ட் வைத்தவர்களின் பெட்டியைத் திருடன் தன் வீட்டில் சாவகாசமாக உட்கார்ந்து உடைத்துப் பார்க்கலாம்.

இதைக் கேட்டவுடன் "பார்த்தீர்களா, கம்பெனியை நம்பக் கூடாது, வீட்டிலேயே வைத்துக்கொள்வோம்" என்று தோன்றும். மீதிக் கதையையும் கேளுங்கள். திருடர்கள் அந்தக் கிளவுடுக்குள் நுழைய உதவியது, கம்பெனியின் ஒரு பொறியாளர் வீட்டுக் கம்ப்யூட்டர். அதில் சினிமா, பாட்டு பார்க்கும் பிளெக்ஸ் என்ற மென்பொருளின் பழைய பதிப்பு இருந்தது. அதிலிருந்த ஓட்டைக்கு 2020 மே மாதமே திருத்தம் வந்துவிட்டது. அந்த வீட்டில் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. கம்பெனியின் கோட்டைக் கதவு திறந்ததே, அப்டேட் செய்யாத ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர் வழியாகத்தான். வீட்டில் சர்வர் வைக்க நினைப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

இனி, வீட்டில் வைப்பது எப்படி என்று பார்ப்போம். 2018-ல் டேனியல் கார்சியா என்பவர் பிட்வார்டன் செயலிகளோடு ஒத்துப்போகும் ஒரு சிறிய சர்வரை எழுதி, எவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி வெளியிட்டார். 2021-ல் அதற்கு வால்ட்வார்டன் என்று பெயர் மாறியது. பிட்வார்டன் கம்பெனியின் வழக்கமான சர்வரை வீட்டில் நிறுவக் குறைந்தது 2 ஜிபி நினைவகம் கேட்பார்கள். வால்ட்வார்டனுக்கு அதில் சிறு பங்கு போதும். பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்போ, உள்ளங்கை அளவு ராஸ்பெரி பையோ தாராளமாகத் தாங்கும்.

இதைக் கன்டெய்னர் என்ற முறையில் நிறுவுகிறார்கள். கன்டெய்னர் என்றால் என்ன? வலியசாலை அக்ரஹாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வீடு பொதுச்சுவர். தெரு ஒன்று, அஸ்திவாரமும் அநேகமாக ஒரே தொடர்ச்சி. ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி வாசல், தனிச் சமையல். ஒரு வீட்டு ரசம் அடுத்த வீட்டு அடுப்பில் கொதிப்பதில்லை. ஒரே கம்ப்யூட்டரில் பல மென்பொருள்கள் இப்படி அடிப்படையைப் பகிர்ந்துகொண்டு தனித்தனியே குடியிருப்பதுதான் கன்டெய்னர். லினக்ஸில் இதற்கான வசதிகளில் முக்கியமான ஒன்று கூகுள் பொறியாளர்கள் 2006-ல் தொடங்கி 2008-ல் சேர்ந்தது. 2013-ல் வந்த டாக்கர் அதை எல்லோர் கைக்கும் எட்டச் செய்தது. பொதுச்சுவர் இருப்பதால் தனி பங்களா அளவு காப்பு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே பாஸ்வேர்ட் பெட்டி குடியிருக்கும் கம்ப்யூட்டரில் சினிமா இறக்குவது, விளையாட்டு என்று வேறு குடித்தனம் வைக்காதீர்கள்.

லினக்ஸ் என்றதும் பயப்பட வேண்டாம். 2001 ஜூலை 20 அன்று இந்தியாவின் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பட்டது இதே திருவனந்தபுரத்தில்தான். ரிச்சர்ட் ஸ்டால்மன் அதற்காக வந்திருந்தார். அதன் பிறகு கேரளத்து அரசுப் பள்ளிகள் கம்ப்யூட்டர் பாடத்தை லினக்ஸில்தான் சொல்லிக்கொடுக்கின்றன. நமக்குப் புதிதாகத் தோன்றுவது, இந்த ஊர்ப் பள்ளியில் படித்த பேரனுக்குப் பழைய பாடம்.

கன்டெய்னரில் அறிந்துகொள்ள வேண்டிய முக்கிய விஷயம் ஒன்று. அது பாத்திரம் மட்டுமே; பால் வேறு இடத்தில் இருக்க வேண்டும். வால்ட்வார்டன் தன் தகவல்களை எல்லாம் டேட்டா என்ற ஒரு ஃபோல்டரில் வைக்கிறது. நிறுவும்போதே அந்த ஃபோல்டரைக் கன்டெய்னருக்கு வெளியே, கம்ப்யூட்டரின் டிஸ்கில் இருக்கும்படி இணைத்துவிட வேண்டும். அப்போது புதிய பதிப்பு வந்தால் பழைய கன்டெய்னரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை அதே ஃபோல்டரோடு சேர்த்தால் வேலை முடிந்தது. இணைக்க மறந்தால், பாத்திரத்தைத் தூக்கிப் போடும்போது பாலும் போய்விடும்.

அடுத்தது வாசல். வால்ட்வார்டனின் வெப் பக்கம் ஹெச்டிடிபிஎஸ் என்ற பூட்டிய இணைப்பு இல்லாமல் சரிவர வேலை செய்யாது. அதற்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகத் தருகிறது. ஆனாலும் இந்தச் சர்வரை நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்க நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பல வீட்டு பிராட்பேண்ட் இணைப்புகளில் வெளியிலிருந்து நேராக உள்ளே வரும் முகவரியே கிடைப்பதில்லை. அது ஒரு விதத்தில் நல்லதுதான். வயர்கார்ட், டெயில்ஸ்கேல் போன்ற தனிப் பாதை ஒன்றைப் போட்டுக்கொண்டால், உங்கள் குடும்பத்தாரின் போன்களுக்கு மட்டும் வாசல் தெரியும். ஊரார் கண்ணுக்கு வீடே தெரியாது. குடும்பத்தினர் எல்லோரும் கணக்குத் தொடங்கிய அன்றே, புதியவர்கள் பதிவு செய்யும் வசதியை அடைத்துவிடுங்கள்.

சர்வர் படுத்துவிட்டால்? ஏற்கெனவே உள்ளே நுழைந்திருக்கும் போன்களில் பெட்டியின் பிரதி ஒன்று இருக்கும், பாஸ்வேர்டைப் பார்த்துக்கொள்ளலாம். புதிதாகச் சேர்க்கவும் மாற்றவும் மட்டும் முடியாது. அந்தப் போனிலும் கணக்கை விட்டு வெளியேறிவிட்டால், சர்வர் எழுந்திருக்கும் வரை உள்ளே போக வழியில்லை.

மாஸ்டர் பாஸ்வேர்ட் எப்படி இருக்க வேண்டும்? ஸ்லோகத்தின் முதல் அடி, கீர்த்தனையின் பல்லவி இவையெல்லாம் வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தது ஊருக்கே தெரியும். ஊகிக்கும் இயந்திரங்களுக்கும் தெரியும். 1995-ல் ஆர்னால்ட் ரெய்ன்ஹோல்ட் சொன்ன தாயக்கட்டை முறை சிறந்தது. அவருடைய பட்டியலில் 7776 சொற்கள் உண்டு. ஆறு முகக் கட்டையை ஐந்து முறை உருட்டினால் ஒரு சொல். அப்படி ஆறு சொற்கள் எடுத்தால், சாத்தியங்களின் எண்ணிக்கை 24 இலக்க எண். அதே சமயம் ஆறு சொற்களைப் பத்து நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். வேதமும் சங்கீதமும் வாய்மொழியாகவே கற்றுவந்த நமக்கு இது பிரமாதமில்லை.

இப்போது கஷ்டமான பகுதிக்கு வருகிறேன். நிறுவுவது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியான வேலை. பராமரிப்பதோ நித்திய கர்மா. அதில் மூன்று கடமைகள்.

முதலாவது, அப்டேட். மாதம் ஒரு முறையாவது கன்டெய்னரையும் கம்ப்யூட்டரையும் புதுப்பிக்க வேண்டும். ஏன் என்று மேலே சொன்ன பொறியாளர் வீட்டுக் கதையே போதும்.

இரண்டாவது, பேக்கப். கன்டெய்னரை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு டேட்டா ஃபோல்டரைப் பிரதி எடுத்தால் போதும். மூன்று பிரதிகள், இரண்டு விதமான சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில் என்பது இத்துறையின் பழைய விதி. வேறு இடம் ஏன் என்று சாலைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நெருக்கமான கடைகளில் தீப்பிடித்தால் அடுத்த கடையும் தப்பாது. மழை பெய்தால் தம்பானூரும் கிழக்கேகோட்டையும் வெள்ளக்காடாகும். அதற்காகவே 2015-ல் "ஆபரேஷன் அனந்தா" என்று கால்வாய்களை மீட்கும் பெரிய வேலை நடந்தது. சர்வரையும் பேக்கப்பையும் ஒரே மேஜையில் வைத்தால் ஒரே விபத்தில் இரண்டும் போகும்.

மூன்றாவதை அநேகமாக யாரும் செய்வதில்லை. எடுத்த பேக்கப் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். வருஷம் இரண்டு முறை வேறொரு கம்ப்யூட்டரில் அதைப் போட்டுப் பாருங்கள். ஊறுகாய் போட்டுவிட்டு வருஷ முடிவில் திறந்து பார்த்தால் மேலே பூஞ்சை பூத்திருக்கும். நடுநடுவே கிளறிப் பார்ப்பவர் வீட்டு ஊறுகாய்தான் நிற்கும்.

கடைசிக் கேள்வி. இந்த ஏற்பாட்டையெல்லாம் செய்த குடும்பத் தலைவர் காலமாகிவிட்டால்?

இங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் பத்மநாப ஸ்வாமி கோயில். 2011-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவுப்படி அதன் நிலவறைகளைத் திறந்து கணக்கெடுத்தபோது உலகமே பார்த்தது. பி என்று குறிக்கப்படும் அறை மட்டும் அப்போது திறக்கப்படவில்லை. அதைத் திறப்பதா வேண்டாமா என்ற முடிவை 2020 ஜூலை 13 தீர்ப்பில் நிர்வாகக் குழுவின் பொறுப்புக்கே விட்டார்கள். ஸ்வாமியின் சொத்தைப் பற்றிப் பேச எனக்கு யோக்யதை இல்லை. ஒன்றை மட்டும் கவனிக்கலாம். அங்கே கதவின் பலத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வரவில்லை. யார் திறக்கலாம், யார் முன்னிலையில், எப்போது என்ற கேள்விதான் கோர்ட் வரை போயிற்று. நம் வீட்டுப் பெட்டிக்கு இதை நாம் உயிரோடு இருக்கும்போதே தீர்மானித்துவிடலாம்.

நம் வீடுகளில் பையன் நியூஜெர்ஸியில், பெண் சென்னையில், அம்மாவும் அப்பாவும் மட்டும் இங்கே என்ற நிலை சகஜம். எல்லாவற்றையும் அப்பா பார்த்துக்கொள்கிறார். அவர் போன பிறகு, எந்த வங்கியில் என்ன இருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரிவதில்லை. பத்து வருஷம் கேட்பாரற்றுக் கிடக்கும் டெபாசிட் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். வாரிசுகள் திரும்பக் கேட்டுப் பெறலாம். ஆனால் இருப்பதே தெரியாமல் எதைக் கேட்பது? தேடிப்பார்க்க ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்கம் என்ற தளத்தைத் திறந்திருக்கிறது. தேடும் நிலை வராமல் இருப்பது உத்தமம்.

ஆகவே ஓர் உறை தயார் செய்யுங்கள். அதில் நாலு விஷயம்: சர்வரின் முகவரியும் அதை அடையும் வழியும், உங்கள் ஈமெயில், மாஸ்டர் பாஸ்வேர்ட், இரட்டைப் பூட்டு போட்டிருந்தால் அதன் மீட்புக் குறியீடு. உறையை ஒட்டி, இருவரில் எவர் இருந்தாலும் திறக்கலாம் என்ற நிபந்தனையுள்ள கூட்டு லாக்கரில் வையுங்கள். கூடவே ஒரு பென் டிரைவில், பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிய ஏற்றுமதிப் பிரதி ஒன்று; அந்தப் பாஸ்வேர்டையும் உறையில் எழுதிவிடுங்கள். சர்வரே போனாலும் அது உதவும். இந்தப் பத்திரிகை மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருகிறது. இதழ் வரும்போதெல்லாம் பிரதியைப் புதுப்பிப்பது என்று வைத்துக்கொண்டால் மறக்காது. இது தவிர, குறிப்பிட்ட உறவினர் கேட்டு, நீங்கள் வைத்த கெடுவுக்குள் மறுக்காவிட்டால் பெட்டி அவருக்குத் திறக்கும் வசதி பிட்வார்டனிலும் வால்ட்வார்டனிலும் உண்டு. வால்ட்வார்டனில் அது நடக்க சர்வர் உயிரோடு இருக்க வேண்டும் என்பதால் உறையைக் கைவிடாதீர்கள்.

ஓர் எச்சரிக்கை. ஒருவர் காலமான பிறகு அவருடைய பாஸ்வேர்டைப் போட்டு வங்கியிலிருந்து பணம் எடுப்பது சரியல்ல. மற்ற வாரிசுகளோடு வழக்கில் முடியும். மரணச் சான்றிதழோடு நாமினி வங்கிக்குப் போவதே முறை. 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர் மட்டுமே, உரிமை வாரிசுகளுடையது. அப்படியானால் பெட்டி எதற்கு? என்னென்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. கரண்ட் பில்லும் இன்ஷூரன்ஸ் தவணையும் தவறாமல் இருக்க. ஈமெயிலும் குடும்பப் புகைப்படங்களும் தொலையாமல் இருக்க. ஓடிபி வரும் போன் நம்பரையும் அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள். யுபிஐ, ஏடிஎம் பின் நம்பர்களை மட்டும் எந்தப் பெட்டியிலும் போட வேண்டாம்.

முடிவாக என் அபிப்பிராயம். வீட்டில் இந்த வேலையில் ருசியுள்ள ஒருவரும், அவர் இல்லாதபோது அதே வேலையைச் செய்யத் தெரிந்த இன்னொருவரும் இருந்தால், பெட்டியை வீட்டிலேயே வையுங்கள். ஒருவர்தான் இருக்கிறார் என்றால் வேண்டாம். பிட்வார்டன் போன்ற கம்பெனியின் சேவையிலேயே, நல்ல மாஸ்டர் பாஸ்வேர்டோடு வைத்துக்கொள்ளுங்கள். அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. இரண்டு பேருக்கும் உறை பொதுவானது. சர்வர் வைக்காதவர்களும், டைரி வைத்திருப்பவர்களும்கூட அதை எழுதியே ஆக வேண்டும்.

எழுதிய பிறகு இன்னொன்றும் செய்யுங்கள். அகத்துக்காரியை, அல்லது அகத்துக்காரரை, பக்கத்தில் உட்காரவைத்து, அந்த உறையை மட்டும் கையில் கொடுத்து, நீங்கள் வாய் திறக்காமல் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறார்களோ அங்கே இன்னும் ஒரு வரி எழுதிச் சேருங்கள். தடுமாறாமல் திறக்கும் வரை இதைச் செய்யுங்கள்.